மூணு பேரு வந்தாங்க, ஒருத்தர் மட்டும் தங்கிட்டாரு

2007 செப்டம்பர்ல எம்எஸ்சி படிக்கப் போய் வேல்ஸ்ல இருக்கற ஸ்வான்சில இறங்கினப்ப அந்த ஊரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். கேரி சோபர்ஸ் ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸ் அடிச்ச ஊரு. 1968, செயின்ட் ஹெலன்ஸ் மைதானம், பவுலர் மால்கம் நாஷ். அப்பா சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம் ஆன சமாச்சாரம் அது. அதனால போன மொத வாரமே அந்த கிரவுண்டைத் தேடிப் போனேன், கடலுக்கு எதிர்த்தாப்புல கேட்டைப் பூட்டிப் போட்டிருந்தாங்க, உள்ள புல்லு மேல கடல்காக்கா கூட்டம் உக்காந்திருந்துச்சு, மழை வேற. நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து ஹவுஸ் ஓனர் கிட்ட பெருமையா சொன்னேன். மனுசன் டீ குடிச்சுக்கிட்டே கேட்டுட்டு, "அது பழைய கதைப்பா, சனிக்கிழமை ஃப்ரீயா இரு, உனக்கு உசுரோட இருக்கற ஒண்ணைக் காட்டறேன்"னாரு. அவரு காட்டினது ஸ்வான்சி சிட்டிங்கற ஃபுட்பால் டீமை, அதோட கோச் ராபர்ட்டோ மார்ட்டினெஸை. இது அந்த மார்ட்டினெஸ் கதை.

மொதல்ல ஹவுஸ் ஓனரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கதைல பாதி அவரு வாய்ல இருந்து வந்ததுதான். ரிட்டயர் ஆனவரு, அறுபதைத் தாண்டின வயசு, சாண்ட்ஃபீல்ட்ஸ் பக்கம் வரிசை வீடு, மாடி ரூம்ல நான். அந்த மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா பழைய வெட்ச் ஃபீல்டு ஸ்டேடியத்தோட லைட்டு கம்பம் தெரியும், ஒரு பக்கம் ஜெயிலு, மத்த மூணு பக்கமும் வீடு, நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு ஸ்டேடியம். நான் போனப்ப அதை மூடி ரெண்டு வருசம் ஆச்சு, டீம் ஊருக்கு வெளிய ஆத்தங்கரைல கட்டின லிபர்ட்டி ஸ்டேடியத்துக்குப் போயிடுச்சு. அவரு பையன் பிரிஸ்டல்ல வேலைக்குப் போயிட்டதால பையனோட சீசன் டிக்கெட்டு சும்மா கிடந்துச்சு, அது எனக்கு வந்துச்சு. அவரை பேரு சொல்லிக் கூப்பிடுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு, எனக்கு வாய் வரல, கடைசி வரைக்கும் சார்தான்.

மொத மேட்ச்ல எனக்கு ஒண்ணும் புரியல. நம்ம டிவில பாத்த இங்கிலீஷ் ஃபுட்பால்னா கோல்கீப்பர் பந்தைத் தூக்கி வானத்துக்கு உதைப்பான், பத்து பேரு அதுக்கு கீழ முட்டிக்குவாங்க, அதுவும் இவங்க ஆடறது மூணாவது படி லீக்கு, கேக்கவே வேணாம்னு நெனச்சேன். இங்க என்னடான்னா டோரஸ் டி வ்ரீஸ்னு கோல்கீப்பர், பந்தைக் கையில எடுத்தவுடனே பக்கத்துல நிக்கற கேரி மாங்க்குக்கு உருட்டி விடறாரு. எதிராளி ரெண்டு பேரு ஓடி வர்றாங்க. சுத்தி இருக்கற ஆயிரக்கணக்கான பேரு மொத்தமா மூச்சை இழுத்துப் பிடிக்கற சத்தம் இருக்கே, அது எனக்கு இன்னிக்கும் காதுல இருக்கு. மாங்க்கு அதை லியான் பிரிட்டன் கிட்ட தள்ளறாரு, பிரிட்டன் பாக்க ஸ்கூல் பையன் மாதிரி இருப்பாரு, அவரு திரும்பி வலது பக்கம் ரங்கெல்லுக்கு. அப்பறம்தான் எல்லாரும் மூச்சை விடறாங்க. பின்னாடி சீட்டுல ஒரு பெருசு மட்டும் "முன்னாடி அடிங்கடா"ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு, மேட்ச் முழுக்க. எங்க ஹவுஸ் ஓனர் தெர்மாஸை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, திரும்பிப் பாக்காமயே, "முன்னாடி அடிச்சா திரும்ப வந்துரும், உனக்குத்தான் அம்பது வருசமா தெரியுமே"ன்னாரு.

கோட்டுக்கு வெளிய கோட்டு சூட்டு போட்டு ஒல்லியா நின்னுக்கிட்டு இருந்தவருதான் ராபர்ட்டோ மார்ட்டினெஸ். அப்ப வயசு 34. "அவன் இந்த டீம்ல கேப்டனா ஆடினவன், மெதுவா ஓடுவான், ஆனா பந்தைத் தொலைக்க மாட்டான்"னு ஹவுஸ் ஓனர் அறிமுகம் பண்ணி வெச்சாரு. அப்பறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, "கார்னர் கிக்குல மட்டும் இவனை நம்பாத"ன்னாரு. மைதான மூலைல இருந்து பந்தைத் தூக்கி அடிக்க, கோல் பக்கத்துல நிக்கறவங்க தலையால முட்டப் பாப்பாங்களே, அதுதான் கார்னர் கிக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்ப மார்ட்டினெஸ்னா எல்லாருக்கும் போர்ச்சுகல் கோச், ரொனால்டோவை உக்கார வெக்கலாமா வேணாமான்னு திட்டு வாங்கறவரு. அதுக்கு முன்னாடி பெல்ஜியம். அதுக்கும் முன்னாடி எவர்ட்டன். ஆனா எனக்கு அந்த மனுசன் மேல ஆர்வம் வந்தது அதுனால இல்ல. பன்னெண்டு வருசம் பிரிட்டன்ல யாரும் எட்டிப் பாக்காத லீக்குகள்ல சேத்துல புரண்ட பிளேயர் அவரு, அதைத்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஸ்பெயின்ல, கேட்டலோனியால லேடா மாகாணத்துல பாலகேர்னு ஒரு சின்ன டவுனு, செக்ரெ ஆத்தங்கரைல. 1973ல அங்க பொறந்தாரு. அப்பாவும் அந்த ஊரு டீம்ல ஆடினவரு, கோச்சா இருந்தவரு. பையன் பதினாறு வயசுல சரகோசாவுக்குப் போனாரு, ரியல் சரகோசா அகாடமி. பெரிய டீமுக்கு எத்தனை மேட்ச் ஆடினாருன்னா, ஸ்பெயினோட மேல் லீக்கான லா லிகால ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு, 1993ல அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிரா. அவ்வளவுதான் அந்த அத்தியாயம். நடுவுல பிசியோதெரபி டிகிரி வேற முடிச்சு வெச்சிருந்தாரு, ஃபுட்பால் கைவிட்டா கைத்தொழில்னு யோசிச்சிருப்பாரு போல, நம்ம வீட்டுல சொல்ற அதே அட்வைஸ்தான் அங்கயும். 21 வயசுல சொந்த ஊரு டீமுக்கே திரும்பி வந்துட்டாரு. பெரிய ஸ்கூல்ல சேத்து விட்டு, ஊருக்குத் திரும்பி வந்து தெருவுல நடக்கும்போது எல்லாரும் "என்னப்பா லீவா?"ன்னு கேப்பாங்களே, அந்த மாதிரி ஒரு வருசமா அது இருந்திருக்கும்னு நான் கற்பனை பண்ணிக்குவேன்.

1995 மே மாசம் அதே சரகோசா டீம் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் ஃபைனல்ல ஆர்சனலை ஜெயிச்சுது. நயீம் பாதி மைதானத்துல இருந்து கடைசி நிமிசத்துல அடிச்ச அந்த கோல், பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதே சம்மர்லதான் சரகோசா வேணாம்னு விட்ட பையன் இங்கிலாந்துல நாலாவது படி லீக்குக்கு பெட்டி கட்டினாரு.

அங்கதான் டேவ் வீலன் வர்றாரு. இவரு ஒரு தனி கேரக்டர். மேல் படி, கீழ் படி டீமெல்லாம் மோதற நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கப்போட 1960 ஃபைனல்ல பிளாக்பர்னுக்கு ஆடும்போது கால் ஒடிஞ்சு போச்சு, அப்ப மாத்து ஆள் இறக்கற விதியெல்லாம் கிடையாது, மிச்ச மேட்சை பத்து பேரோட ஆடி வுல்வ்ஸ் கிட்ட மூணுக்கு ஜீரோ தோத்தாங்க. அதோட பெரிய ஃபுட்பால் முடிஞ்சுது, மார்க்கெட்ல கடை போட்டு, சூப்பர் மார்க்கெட்டாக்கி, அப்பறம் ஜேஜேபின்னு நாடு பூரா ஸ்போர்ட்ஸ் கடை. 1995ல விகன் அத்லெட்டிக்கை வாங்கி, இதை பிரீமியர் லீக்குக்குக் கொண்டு போவேன்னாரு. கேட்டவங்க சிரிச்சாங்க. ஏன்னா விகன் ரக்பி ஊரு. அந்த ஊரு ரக்பி டீம் 1988ல இருந்து 1995 வரைக்கும் எட்டு வருசம் தொடர்ந்து சேலஞ்ச் கப் ஜெயிச்சிருக்கு, எட்டு வருசம்! அந்த ஊருல ஃபுட்பால் டீம்ங்கறது பெரிய வீட்டு கல்யாணத்துக்குப் பக்கத்துல நடக்கற காதுகுத்து மாதிரி. ஸ்பிரிங்ஃபீல்டு பார்க்குன்னு ஒரு பழைய கிரவுண்டு, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி புல்லு மேடு, வர்றது சுமாரா மூவாயிரம் பேரு.

இந்த டீமுக்கு வீலன் ஸ்பெயின்ல இருந்து மூணு பசங்களைக் கொண்டு வந்தாரு. மார்ட்டினெஸ், இசிட்ரோ டியாஸ், ஹெசூஸ் சேபா. பேப்பர்காரங்க உடனே த்ரீ அமிகோஸ்னு பேரு வெச்சுட்டாங்க. ரசிகர்கள் சோம்ப்ரெரோ தொப்பி மாட்டிக்கிட்டு வந்தாங்க, அது மெக்சிகோ தொப்பி, ஸ்பெயினுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நம்மளை எல்லாரையும் ஒரே கணக்கா 'மதராசி'ன்னு சொல்றவங்களை நெனச்சுக்கங்க. ஹெசூஸ்ங்கற பேரு எழுத்துல இயேசு பேருதானே, அதை வெச்சு "இயேசு நம்ம விகன்காரரு"ன்னு ஒரு கோஷம் வேற. நல்ல குசும்பு அது.

ஒரு விஷயம், அப்ப அந்த லீக்கு பேரு தேர்டு டிவிஷன், ஆனா அது நாலாவது படி. 1992ல பிரீமியர் லீக்குன்னு மேல ஒண்ணை வெச்சதால எல்லாத்துக்கும் ஒரு நம்பர் கம்மி ஆயிடுச்சு, 2004ல மறுபடி பேரு மாத்தி லீக் ஒன், லீக் டூன்னு வெச்சு இன்னும் குழப்பினாங்க. சென்னைல டிவிஷன் கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இந்த ஏணி சுலபமா புரியும், மேல ஏறலாம், கீழ விழலாம், நாலாவதுக்கும் கீழ விழுந்தா ஃபுட்பால் லீக்கை விட்டே வெளிய. 46 மேட்ச், மழை, சேறு, செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ்ல போய் ஆடி அதே பஸ்ல திரும்பறது. அந்த லீக்குல அப்ப ஆடின ஃபுட்பால்ல மிட்ஃபீல்டு ஆளுங்களோட தலைக்கு மேலதான் பந்து போகும். மார்ட்டினெஸ் ஒரு பாஸிங் மிட்ஃபீல்டரு. நாதஸ்வரம் வாசிக்கறவரை பேண்டு செட்ல சேத்து விட்ட கதைதான்.

ஆனா மனுசன் தாக்குப் பிடிச்சாரு, தாக்குப் பிடிச்சது மட்டும் இல்ல, மொத சீசன்லயே 13 கோல் அடிச்சு டீம்ல டாப்பு, அந்த டிவிஷன் பிளேயர்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற டீம் ஆஃப் தி இயர்லயும் பேரு. அடுத்த வருசம், 1996-97, விகன் சாம்பியன். அந்த சாம்பியன் கதை ஜோரா இருக்கும், ஏன்னா விகனும் ஃபுல்ஹாமும் சரிசமமா 87 பாயின்ட்டு. கோல் வித்தியாசத்துல பாத்தா ஃபுல்ஹாம் ஒரு கோல் மேல. ஆனா அந்தக் காலத்துல அந்த லீக்குல வித்தியாசத்தைப் பாக்க மாட்டாங்க, யாரு ஜாஸ்தி கோல் அடிச்சாங்கன்னுதான் பாப்பாங்க, விகன் 84, ஃபுல்ஹாம் 72, கப்பு விகனுக்கு. அதுல 31 கோல் அடிச்ச கிரேம் ஜோன்ஸ்தான் பின்னாடி மார்ட்டினெஸ்க்கு அசிஸ்டென்ட்டா ஸ்வான்சி, விகன், எவர்ட்டன், பெல்ஜியம்னு கூடவே போனவரு. நாலாவது டிவிஷன்ல பக்கத்து பக்கத்துல ஷூ கழட்டினவங்க உலகக் கோப்பை செமி ஃபைனல்ல ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க, எனக்கு இதை நெனச்சாலே ஒரு மாதிரி சிலிர்க்கும்.

சேபா விகன்ல ரொம்ப நாள் இருக்கல. டியாஸ் கொஞ்ச நாள் இருந்தாரு, வுல்வ்ஸ் போனாரு, அங்க இங்கன்னு சுத்திட்டு அவரும் கிளம்பிட்டாரு. மார்ட்டினெஸ் ஆறு வருசம். லீக்குல மட்டும் இருநூறுக்குக் கொஞ்சம் கம்மி மேட்ச். நடுவுல மான்செஸ்டர்ல போய் மேனேஜ்மென்ட்டும் படிச்சிருக்காரு. அந்த ஊரு கடைல கறி அடைச்ச மீட் பையும் கிரேவியும் தின்னு, அந்த ஊரு இங்கிலீஷ்ல பேசக் கத்துக்கிட்டு, ஸ்பெயின்ல ஒரு பேப்பரும் எழுதாத ஒரு வேலையை ஒழுங்கா பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. ஊருல "பையன் இங்கிலாந்துல ஆடறான்"னு சொன்னா மான்செஸ்டர் யுனைடெட்டான்னு கேட்டிருப்பாங்க, இல்லையா? நான் ஸ்வான்சில எம்எஸ்சின்னு சொன்னப்ப எங்க ஊருல ஆக்ஸ்ஃபோர்டான்னு கேட்டாங்க.

2001ல விகன் விட்டது. அதுக்கப்பறம் ஒரு கெட்ட காலம். ஸ்காட்லாந்துல மதர்வெல் போனாரு, ஒரு சீசன் முடியறதுக்குள்ள, 2002 ஏப்ரல்ல, கிளப்பு காசில்லாம திவால் நிர்வாகி கைக்குப் போய் கொத்தா பிளேயர்களை வெளிய அனுப்பினாங்க. அடுத்து வால்சால், அங்க விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் ஆட்டம். 2003 ஜனவரி, கிட்டத்தட்ட முப்பது வயசு, கூப்பிட்டது யாருன்னா ஸ்வான்சி. அதுவும் எந்த ஸ்வான்சி? 2001ல டோனி பெட்டின்னு ஒருத்தருக்கு ஒத்தை பவுண்டுக்கு வித்து, அவரு வந்தவுடனே பிளேயர்களைத் துரத்தப் பாத்து, ஊரு ஜனம் ரோட்டுல இறங்கி, 2002 ஜனவரில ரசிகர் டிரஸ்ட்டும் உள்ளூர் ஆளுங்களும் சேந்து கிளப்பை மீட்டிருந்தாங்க. மீட்ட கிளப்பு நாலாவது டிவிஷன்லயும் அடில கிடந்துச்சு.

இந்த இடம் வந்தா எங்க ஹவுஸ் ஓனருக்குக் குரலே மாறிடும். அவரு டிரஸ்ட்டுல காசு போட்டவரு. 2003 மே 3, கடைசி மேட்ச், வெட்ச் ஃபீல்டு, எதிர்த்தாப்புல ஹல் சிட்டி. தோத்தா 1920ல இருந்து இருந்த லீக்கை விட்டே வெளிய போற நிலைமை. மொத கோல் ஸ்வான்சி, உடனே சொந்த தப்புல ரெண்டு வாங்கி 2-1 பின்னாடி. "அப்ப ஜெயிலுக்குள்ள இருந்தவன் கூட எங்களைப் பாத்து பரிதாபப்பட்டிருப்பான்"னு சொல்லுவாரு. அப்பறம் ஜேம்ஸ் தாமஸ்னு உள்ளூர் பையன், சின்ன வயசுல இருந்து இதே டீம் ரசிகன், அந்த மொத கோலையும் சேத்து ஹாட்ரிக் போட்டான், மூணாவது கோலு கீப்பர் தலைக்கு மேல லேசா தூக்கி விட்டது, 4-2. எக்ஸிட்டர் அன்னிக்கு ஜெயிச்சும் கீழ போச்சு. அந்த மேட்சுல நடு மைதானத்துல மார்ட்டினெஸ். எல்லாரும் பந்தை எங்கயாவது அடிச்சுத் தொலைக்கற பதட்டத்துல இருக்கும்போது அவரு மட்டும் பந்தைக் காலுக்கடில வெச்சு நின்னுட்டு யாராவது ஃப்ரீயா வர்ற வரைக்கும் காத்திருந்தாருன்னு ஹவுஸ் ஓனர் எந்திரிச்சு நின்னு காலை வெச்சுக் காட்டுவாரு, கிச்சன்ல, செருப்பு காலோட, டீ கப்பைக் கையில வெச்சுக்கிட்டே. "எனக்கு அடிவயிறு கலங்குது, இவன் என்னடான்னா பஸ்ஸுக்கு நிக்கறவன் மாதிரி நிக்கறான்."

வெட்ச்ங்கறது ஒரு பயறு வகைச் செடியோட பேரு, அந்த இடத்துல முன்ன அது வளந்துச்சாம். இப்ப ஸ்டேடியத்தை இடிச்சுட்டு அங்க காய்கறித் தோட்டம் போட்டிருக்காங்க, அக்கம்பக்கத்து வீட்டு ஜனங்க பாத்தி கட்டி முட்டைக்கோஸ் வளக்கறாங்க.

2005ல ஒரு படி மேல ஏறினாங்க. 2006ல இன்னொரு படி ஏற வேண்டியது, கார்டிஃப்ல ப்ளே ஆஃப் ஃபைனல், பார்ன்ஸ்லி கிட்ட பெனால்டில போச்சு. அந்த சம்மர் மார்ட்டினெஸ்க்கு கான்ட்ராக்ட் கொடுக்கல, நூறு மேட்சுக்கு மேல ஆடின ஆளை. அவரு செஸ்டர் சிட்டிக்குப் போனாரு, திரும்ப நாலாவது படி. அந்த கிளப்பும் 2010ல மூடியே போச்சு. யோசிச்சுப் பாருங்க, இவரு ஆடின இடம் பூரா ஒண்ணு திவாலு, இல்ல ஒத்தை பவுண்டு, இல்ல மூடுவிழா. விகனும் 2020ல நிர்வாகி கைக்குப் போய் 12 பாயின்ட்டு பறிகொடுத்து கீழ விழுந்துச்சு. நாம டிவில பாக்கற அந்த பளபளப்புக்கு ரெண்டு மாடி கீழ இப்படித்தான் இருக்கு. ஆனா எந்த ஊருலயும் ஜனம் விடல, உண்டியல் குலுக்கியாவது திரும்ப ஆரம்பிச்சிடறாங்க.

செஸ்டர் போய் ஒம்போது மாசம் கூட ஆகல, 2007 பிப்ரவரில ஸ்வான்சி கோச் கென்னி ஜாக்கெட் வெளிய போனாரு, கிளப்புக்காரங்க போன் அடிச்சது மார்ட்டினெஸ்க்கு. எந்த டீம் வேணாம்னு அனுப்புச்சோ அதே டீமுக்கு மேனேஜரு, வயசு 33. முந்தின வருசம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட மாங்க்கு, பிரிட்டன், ஆலன் டேட் எல்லாம் இப்ப இவரு சொல்றதைக் கேக்கணும். கஷ்டமான வேலைதான், ஆஃபீஸ்ல கூட இருந்தவன் திடீர்னு மேனேஜர் ஆனா நாம என்ன பேசுவோம்னு நமக்குத் தெரியாதா.

அப்பறம் அவரு பண்ண காரியம்தான் எனக்குப் பிடிச்சது. 1995ல வீலன் தன்னை எப்படிக் கண்டுபிடிச்சாரோ அதே மாதிரி இவரு ஸ்பெயின்ல யாரும் திரும்பிப் பாக்காத இடத்துல போய் தேட ஆரம்பிச்சாரு. டெர்ரஸ்ஸாங்கற கீழ் டிவிஷன் டீம்ல இருந்து ஏஞ்சல் ரங்கெல், அப்பறம் ஆண்ட்ரேயா ஒர்லாண்டி, கியெம் பௌசா. ரங்கெல் அந்த ஊருல பதினோரு வருசம் ஆடினாரு, மூணாவது படில ஆரம்பிச்சு பிரீமியர் லீக் வரைக்கும். 2013ல கார்டிஃப்ல ஒரு கடை மூடற நேரத்துல மிச்ச சாண்ட்விச்சை குப்பைல போடப் போறதைப் பாத்து, அவரும் மனைவியும் அதை வாங்கி கார்ல போட்டுக்கிட்டு ராத்திரி ரோட்டோரம் படுத்திருக்கறவங்களைத் தேடித் தேடிக் கொடுத்தாங்க. ஒரு கிளப்பு எந்த மாதிரி ஆளை எடுக்குதுங்கறதுக்கு எனக்கு அது போதும்.

நான் பாத்த அந்த 2007-08 சீசன்ல ஸ்வான்சி 92 பாயின்ட்டோட லீக் ஒன் சாம்பியன். அது ஒரு பக்கம். அதே சீசன் ஜனவரில எஃப்ஏ கப்புல ஹேவன்ட் அண்ட் வாட்டர்லூவில்னு ஒரு டீம், லீக்குலயே இல்லாத டீம், பகல்ல வேற வேலை பாத்துட்டு வந்து ஆடறவங்க, அவங்க கிட்ட 4-2 தோத்தாங்க. அன்னிக்கு ராத்திரி வீட்டுல ஹவுஸ் ஓனர் ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு பாத்திரம் கழுவ ஆரம்பிச்சாரு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாரு. "அழகா பாஸ் பண்ணுவான், எவனாவது உயரமானவன் வந்தா பயந்துருவான்"னாரு. நான் வாயைத் திறக்கல.

2009 ஜூன்ல மார்ட்டினெஸ் கிளம்பிட்டாரு. விகனுக்கே. வீலன் கூப்பிட்டாரு, விகன் அப்ப பிரீமியர் லீக்ல இருந்துச்சு, எல்லாரும் சிரிச்ச அந்த சபதத்தை வீலன் 2005லயே முடிச்சு வெச்சிருந்தாரு. போனவரு தனியா போகல, ஸ்டாஃபைக் கூட்டிட்டுப் போனாரு, கோல் அடிக்கற ஜேசன் ஸ்காட்லாண்டு பின்னாடியே போனாரு, லோன்ல ஆடிக்கிட்டிருந்த ஜோர்டி கோமெஸும் அங்கதான் போய்ச் சேந்தாரு. ஸ்வான்சி ஜனம் வெச்ச பேரு எல் யூதாஸ். எங்க வீட்டு ஃப்ரிட்ஜு மேல சாம்பியன் ஆன வருசத்து டீம் போட்டோ ஒண்ணு காந்தத்துல ஒட்டியிருக்கும், அதுல ஓரத்துல நின்ன மார்ட்டினெஸ் மூஞ்சி மேல அந்தக் காந்தத்தை நகத்தி வெச்சுட்டாரு மனுசன். போட்டோவைக் கழட்டல, கிழிக்கல, காந்தம் மட்டும் இடம் மாறுச்சு. நான் கேட்டதுக்கு, "போறது தப்பில்ல, வீட்டு சாமானையும் தூக்கிட்டுப் போனா எப்படி?"ன்னாரு. என்னைக் கேட்டா, அவரு போனதுல நியாயம் இருக்கு, ஆனா இவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு. ஆறு வருசம் தன்னை வெச்சு சோறு போட்ட ஊரு கூப்பிட்டா யாரு போக மாட்டா.

அந்த நவம்பர்ல டாட்டன்ஹாம் கிட்ட விகன் 9-1 வாங்குச்சு. ஹாஃப் டைம்ல ஒண்ணுக்கு ஜீரோதான், அப்பறம் எட்டு கோலு, டிஃபோ மட்டும் அஞ்சு. அன்னிக்கு எங்க வீட்டுல கேக் வெட்டாத குறை. விகன் பிளேயர்கள் கூட வந்த ரசிகர்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, அதை மட்டும் ஹவுஸ் ஓனர் மெதுவா, "அது சரியான காரியம்தான்"னு ஒத்துக்கிட்டாரு.

2010ல நான் சென்னைக்குத் திரும்பிட்டேன். 2011ல ஸ்வான்சி பிரீமியர் லீக் ஏறுச்சு, அது பிரெண்டன் ராஜர்ஸ் கைங்கரியம், ஆனா உருட்டி ஆடற பழக்கத்துக்கு அஸ்திவாரம் யாரு போட்டதுன்னு அந்த ஊருல இப்பவும் வாக்குவாதம் நடக்கும், எல்லாத்தையும் இவரு தலைல கட்டறதும் சரியில்ல. 2013 பிப்ரவரில ஸ்வான்சி லீக் கப் அடிச்சுது, ஃபைனல்ல பிராட்ஃபோர்டை 5-0. அதே வருசம் மே 11, எஃப்ஏ கப் ஃபைனல், விகனும் மான்செஸ்டர் சிட்டியும்.

சென்னைல ராத்திரி, கரண்டு போயிடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டே பாத்தேன். 76 வயசு வீலன் டீமைக் கூட்டிக்கிட்டு வெம்ப்ளிக்குள்ள நடந்து வர்றாரு, 53 வருசம் முன்னாடி அங்கதான் கால் ஒடிஞ்சு ஸ்ட்ரெச்சர்ல போனாரு. ஜீரோ ஜீரோவா இழுத்து, 91ஆவது நிமிசம் விகனுக்கு ஒரு கார்னர். ஷான் மலோனி அடிக்கறாரு, பென் வாட்சன் தலையால முட்டறாரு, கோல். கார்னர்ல! நான் சோபால இருந்து குதிச்ச குதில எங்க அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. உடனே ஹவுஸ் ஓனருக்கு எஸ்எம்எஸ் போட்டேன், கார்னர் பாத்தீங்களா சார்னு. பதில், "அடிச்சாங்க சரி. தடுக்கச் சொல்லு பாப்போம்."

மூணே நாள்ல, ஆர்சனல் கிட்ட 4-1 தோத்து விகன் பிரீமியர் லீக்கை விட்டுக் கீழ போச்சு. எஃப்ஏ கப் ஜெயிச்ச அதே சீசன்ல இறங்கின மொத டீம். மார்ட்டினெஸ் எவர்ட்டனுக்குப் போனாரு, மொத வருசம் 72 பாயின்ட்டு, அஞ்சாவது இடம், அப்பறம் சரிவு, 2016ல அனுப்பிட்டாங்க. அந்தக் கதையை எல்லாரும் எழுதிட்டாங்க, நான் விட்டுடறேன்.

பெல்ஜியம் மட்டும் ஒரு வார்த்தை. 2018 உலகக் கோப்பை, ஜப்பான் கிட்ட 2-0 பின்னாடி இருந்து 2-2 ஆக்கி, கடைசி நிமிசத்துல ஜப்பானுக்கு கார்னர், எனக்கு உடனே அந்த தெர்மாஸும் ரெண்டு கையும்தான் ஞாபகம் வந்துச்சு, ஆனா கோர்ட்வா பந்தைப் பிடிச்சு டி பிரய்னா கிட்ட உருட்டி விட, ஷாட்லி போய் மூணாவது. உருட்டி விட்டாரு, உதைக்கல, கவனிங்க. பிரேசிலுக்கு எதிரா மொத கோலும் கார்னர்ல வந்தது, ஃபெர்னாண்டினோ மேல பட்டு உள்ள போச்சு. செமி ஃபைனல்ல பிரான்ஸ். 51ஆவது நிமிசம் கிரீஸ்மன் கார்னர், உம்டிட்டி தலை, 1-0, கதை முடிஞ்சுது. போன் அடிச்சுது. வாட்ஸப்ல ஒரு வார்த்தை கூட இல்ல, கார்னர் கொடி படம் மட்டும் ஒண்ணு அனுப்பியிருந்தாரு.

2025 ஜூன் 8, மியூனிக், நேஷன்ஸ் லீக் ஃபைனல். போர்ச்சுகலும் ஸ்பெயினும். ஒரே ஒரு லா லிகா மேட்சோட தன்னை அனுப்பி வெச்ச நாட்டுக்கு எதிரா இந்தப் பக்கம் பெஞ்சுல மார்ட்டினெஸ், வழுக்கையும் நரையுமா. ஜுபிமெண்டி அடிக்க நூனோ மெண்டஸ் திருப்ப, ஒயர்சாபல் அடிக்க ரொனால்டோ திருப்ப, 2-2, பெனால்டில மொராட்டா அடிச்சதை டியோகோ கோஸ்டா பிடிச்சாரு, ரூபன் நெவெஸ் கடைசிதை உள்ள போட்டாரு. ஹவுஸ் ஓனருக்கு இப்ப எம்பதை ஒட்டின வயசு, கண்ணு சரியில்ல, மேட்சை காதாலதான் கேக்கறாரு. ஜெயிச்சுட்டாரு சார்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ரெண்டு நாள் பதிலே இல்ல, எனக்குக் கொஞ்சம் பயமாவே ஆயிடுச்சு. மூணாவது நாள் வந்துச்சு, இருமிக்கிட்டே பேசியிருந்தாரு.

"ரெண்டு கோல் வாங்கியிருக்கான். ரெண்டுல ஒண்ணு கூட கார்னர்ல இல்லியாமே? பையன் தேறிட்டான்."